மாலுமியின் ஆறு பென்ஸ்

கடல் வாணிகத்தின் பெருமையைப் பேசாத வரலாற்று நூல் இல்லை. எந்தத் துறைமுகத்தில் எந்தப் பண்டம் வந்திறங்கிற்று, எந்த அரசன் எத்தனை கலங்களை உடையவனாயிருந்தான், எந்தக் கம்பெனி எவ்வளவு ஆதாயம் கண்டது என்பனவெல்லாம் ஆண்டு தவறாமல் எழுதி வைக்கப்பட்டுள்ளன. ஆயினும், புயற்காற்றில் பாய்மரத்தின் மீதேறிப் பாயைச் சுருட்டியவனும், கொதிகலனுக்குக் கரி வாரிப் போட்டவனும் அந்நூல்களில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அவன் கையொன்றை இழந்து கரைக்கு மீண்டால் அவனுக்குச் சோறிட்டவர் யார்? மீளாமலே போனால் அவன் மனைவி மக்களைக் காத்தவர் யார்? கல்லறையும் இல்லாத அவன் பெயரை எவரேனும் எங்கேனும் எழுதி வைத்தனரா?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோருக்கு இங்கிலாந்தின் கடல் வரலாறு சிறந்ததொரு சான்றாகும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு மாலுமிகளுக்குச் செய்ததும் செய்யத் தவறியதும் சட்டங்களிலும் கணக்கேடுகளிலும் பதிந்து கிடக்கின்றன. அவ்வரலாறு ஆங்கிலேயருக்கு மட்டுமே உரியதுமன்று. அவர்தம் கப்பல்களில் உழைத்தோருள் இந்தியர் மிகப் பலர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர் பலரைச் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஏற்றி வந்த 'ராஜூலா' 1926 முதல் 1973 வரை கடலில் ஓடிற்று. அதன் இயந்திர அறையிலும் மேல்தளத்திலும் பாடுபட்டவர்கள் இந்திய மாலுமிகளே. தாத்தா வந்த கப்பலின் பெயரை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அக்கப்பலைச் செலுத்தியவரின் பெயரை அறிந்த குடும்பங்கள் அரியவை.

பூட்டிய பேழை

1588ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பெருங் கப்பற்படையை இங்கிலாந்து வென்றது. வெற்றியைக் கொண்டாட ஆலய மணிகள் ஒலித்தன. ஆனால் வெற்றியைத் தேடித் தந்த மாலுமிகளோ நோயுற்றுக் கரையிறங்கி, கூலியும் உணவும் இன்றித் துறைமுக ஊர்களில் மாண்டனர். கடற்படைத் தலைவர் ஹவர்டு பிரபுவே அவர்தம் நிலை கண்டு உள்ளம் நொந்து அரசவைக்கு முறையிட நேர்ந்தது. அரசி எலிசபெத்தின் கருவூலமோ வறண்டிருந்தது.

இந்நிலையில் தோன்றியதே 'சாத்தம் பேழை' எனப்படும் நிதி. ஹவர்டு பிரபு, டிரேக், ஹாக்கின்ஸ் ஆகியோர் முயற்சியால் 1590ஆம் ஆண்டளவில் இது நிறுவப்பட்டது. இதன் மூலதனம் அரசனுடைய கொடையன்று. செல்வருடைய தருமமும் அன்று. ஒவ்வொரு மாலுமியின் மாதக் கூலியிலிருந்தும் 6 பென்ஸ் பிடிக்கப்பட்டது. அக்காலத்தில் அரசாங்கக் கப்பலில் தேர்ந்த மாலுமி ஒருவனின் மாதக் கூலி 10 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கின்படி, தன் கூலியில் இருபதில் ஒரு பங்கை அவன் தானும் தன் தோழரும் முடமாகும் நாளுக்காக ஒதுக்கினான் என்பது விளங்கும்.

அப்பணம் இருந்த இரும்புப் பேழை இன்றும் காட்சிப் பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. அதற்குப் பூட்டுகள் பல. சாவிகள் வெவ்வேறு அதிகாரிகளிடம் இருந்தன. எல்லாரும் கூடினாலன்றிப் பேழை திறக்காது. 17ஆம் நூற்றாண்டில் கையோ காலோ ஒன்றை இழந்தவனுக்கு ஆண்டுக்கு 6 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ் எனவும், இரு கால்களையும் இழந்தவனுக்கு அதில் இருமடங்கு எனவும் உதவித் தொகை வரையறுக்கப்பட்டிருந்தது. இழந்த உறுப்புக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்ததில் ஒரு சிறப்பு உண்டு. உதவி பெறுவோன் எவருடைய முகத்தையும் பார்த்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தான் கட்டிய பணத்தைத் தான் பெறுகிறான்.

பூட்டுகள் பலவாயினும் காவலர் நேர்மையே உண்மையான காவல் என்பதைப் பின்னாள் நிகழ்ச்சிகள் காட்டின. கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பெப்பிஸ் 1662ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே இப்பேழைப் பணம் முறைகேடாகக் கையாளப்படுவதைக் குறித்துள்ளார். அரசாங்கமும் மாலுமிகளுக்குக் காசாகக் கூலி தராமல் சீட்டுகளை எழுதித் தந்தது. சீட்டை வாங்கியவன் அதனைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றுப் பசியாறினான். இதன் பயன் 1667இல் வெளிப்பட்டது. டச்சுக்காரர் மெட்வே ஆற்றில் நுழைந்து சாத்தம் துறையிலேயே ஆங்கிலக் கப்பல்களை எரித்தபோது, அவர்தம் கலங்களிலிருந்து ஆங்கிலக் குரல்கள் கேட்டன. கூலி கிடைக்காத ஆங்கில மாலுமிகள் சிலர் பகைவரிடம் சேர்ந்திருந்தனர். பேழை இருந்த ஊரிலேயே அவ்வீழ்ச்சி நிகழ்ந்தது எண்ணத்தக்கது. அப்பேழை 1803இல் கிரீனிச்சுக்கு மாற்றப்பட்டு, 1814இல் அங்கிருந்த மருத்துவ மனையின் நிதியோடு ஒன்றாயிற்று.

அரண்மனையும் நிலவறையும்

அம்மருத்துவ மனை என்பது நோயாளர் விடுதியன்று. முதிர்ந்தும் ஊனமுற்றும் போன கடற்படை வீரர் தங்கி வாழும் இல்லம். 1692இல் பிரெஞ்சுக் கடற்படையுடன் நடந்த போரில் காயமுற்று மீண்ட மாலுமிகளின் துயரமே அரசி மேரியை இதற்குத் தூண்டிற்று என்பர். 1694 டிசம்பரில் அவ்வரசி அம்மை நோயால் இறந்தார். அவர் விருப்பத்தைக் கணவர் வில்லியம் மன்னர் நிறைவேற்ற முற்பட்டார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கிறிஸ்தபர் ரென் திட்டம் வகுத்தார். 1705இல் 42 பேர் முதன்முதலாகக் குடியேறினர். நெப்போலியப் போர்களின் முடிவில், 1814ஆம் ஆண்டளவில், அங்கு வாழ்ந்தோர் தொகை 2,700ஐக் கடந்தது.

தேம்ஸ் ஆற்றங்கரையில் அரண்மனைபோல் எழுந்த அவ்வில்லத்தின் உணவுக்கூடத்தை ஓவியர் ஜேம்ஸ் தார்ன்ஹில் 19 ஆண்டுகள் உழைத்து வண்ண ஓவியங்களால் நிறைத்தார். வேலை முடிந்தபோது அக்கூடம் கிழ மாலுமிகள் உண்பதற்கு மிகையான அழகுடையதாகிவிட்டது. அவர்கள் கீழேயிருந்த நிலவறையில் உண்டனர். மேலேயுள்ள கூடத்தைப் பார்க்க வெளியூரார் வந்தனர். 1806 ஜனவரியில் நெல்சனின் உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டதும் அக்கூடத்திலேதான். நாடு கடலோடிகளைப் போற்றியது உண்மை. போற்றுதல் மேல்மாடியிலும் உணவு நிலவறையிலும் இருந்தன என்பதும் உண்மை.

இந்த மாளிகையின் செலவில் ஒரு பகுதியை ஏற்றவர் யாவர் என்பதே நாம் மறக்கலாகாத செய்தி. 1696ஆம் ஆண்டுச் சட்டம் கடற்படை மாலுமிகளிடம் மட்டுமன்றி, வாணிகக் கப்பல் மாலுமிகளிடமும் மாதம் 6 பென்ஸ் வாங்க வழி செய்தது. ஆனால் அவ்வில்லத்தில் வாணிக மாலுமிக்குக் கதவு அரிதாகவே திறந்தது. பகைவரோடு போரிட்டுக் காயமுற்றவனுக்கே அங்கு இடமுண்டு. பாய்மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனுக்கு இடமில்லை. இக்குறையைத் தீர்ப்பதற்கென 1747இல் வாணிக மாலுமி நிதி என்று வேறொரு நிதி ஏற்பட்டது. ஊனமுற்றோருக்கும், இறந்தோரின் கைம்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது உதவ வேண்டும். அதற்கும் பணம் மாலுமியின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டது. மாதம் மற்றொரு 6 பென்ஸ். ஏறத்தாழ 90 ஆண்டுகள் வாணிக மாலுமி இரண்டு வரிகளையும் செலுத்தி வந்தான். கிரீனிச் வரி அவனைவிட்டு நீங்கியது 1834இல்.

வாணிக மாலுமி நிதியும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் தனித்தனிக் குழுவினர் தத்தம் விருப்பப்படி தொகை வழங்கினர். வரவுக்கும் செலவுக்கும் பொருத்தமான கணக்கில்லை. 1851இல் நிதி முறிந்து சட்டத்தால் கலைக்கப்பட்டது. ஏற்கெனவே பெற்று வந்தோரின் உதவித் தொகைக்கு அரசாங்கம் பொறுப்பேற்றது. இனி வருவோருக்கு ஒன்றுமில்லை. கிரீனிச் இல்லமும் 1869இல் மூடப்பட்டது.

மனமிரங்கியோர்

சட்டம் விட்டுச் சென்ற இடத்தை அறக்கொடையாளர் நிரப்ப முயன்றனர். அவர்தம் தொண்டைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1821இல் தோன்றிய மாலுமி மருத்துவச் சங்கம் தேம்ஸ் ஆற்றில் பழைய போர்க்கப்பல்களை நிறுத்தி அவற்றில் எந்நாட்டு மாலுமிக்கும் இலவச மருத்துவம் செய்தது. டிரபால்கர் போரில் ஈடுபட்ட 'டிரெட்நாட்' என்ற கப்பலே பின்னர் நெடுங்காலம் மருத்துவ மனையாயிற்று. 1838 அக்டோபரில் டெவன் கடற்கரையில் மீன்பிடி படகுகள் பல புயலில் அழிந்தன. அத்துயரம் காரணமாக மறு ஆண்டிலேயே கப்பலுடைந்த மாலுமிகளுக்கும் மீனவருக்குமான சங்கம் ஒன்று எழுந்தது. இன்றும் அது பணியாற்றி வருகிறது.

புகழுக்கும் உதவிக்கும் உள்ள வேற்றுமையை 1803இல் லண்டன் கப்பல் காப்பீட்டாளர்கள் லாயிட்ஸ் காபி மாளிகையில் கூடித் தொடங்கிய தேசபக்த நிதி தெளிவாகக் காட்டும். வீரச்செயல் புரிந்த கப்பல் தலைவனுக்கு 100 பவுன் மதிப்புள்ள வாள். அடுத்த நிலை அதிகாரிக்கு 50 பவுன் வாள். இளைய அதிகாரிக்கு 30 பவுன் வாள். சாதாரண மாலுமிக்கு வாள் இல்லை. காயமுற்றால் பணமுண்டு, இறந்தால் குடும்பத்துக்குப் பணமுண்டு. வாளைவிடப் பணமே ஏழைக் குடும்பத்துக்கு வேண்டுவது என்று வாதிடலாம். ஆனால் சிறப்பு ஒருவருக்கும் இரக்கம் மற்றொருவருக்கும் எனப் பங்கிட்ட அம்முறை நெடுங்காலம் நீடித்தது.

கூலிக்குத் தாய் எது?

ஆங்கிலக் கடற்சட்டத்தில் பழைய வழக்கு ஒன்றிருந்தது. சரக்குக் கட்டணமே கூலிக்குத் தாய் என்பது அது. கப்பல் கரைசேர்ந்து சரக்குக்குக் கட்டணம் கிடைத்தால்தான் மாலுமிக்குக் கூலி. கப்பல் மூழ்கினால் தாய் இறந்தாள், குழந்தையும் இல்லை. எட்டு மாதம் உழைத்து ஒன்பதாம் மாதம் பாறையில் மோதிய கப்பலிலிருந்து உயிர் தப்பியவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான். 1854ஆம் ஆண்டு வாணிகக் கப்பற் சட்டம் இவ்வழக்கை ஒழித்தது. ஆயினும் கப்பல் மூழ்கிய நாளோடு கூலியும் நிற்கும் என்ற விதி எஞ்சி நின்றது.

கப்பல்கள் மூழ்குவதும் குறையவில்லை. அளவுக்கு மிஞ்சிய சரக்கேற்றி, மிகுந்த தொகைக்குக் காப்பீடு செய்து, பழுதுற்ற கலங்களைக் கடலுக்கனுப்பிய முதலாளிகள் சிலர் இருந்தனர். அக்கலங்களுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே பெயராயிற்று. பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இதுபற்றி நூலெழுதி, 1875இல் சபையில் கொதித்தெழுந்து பேசி, 1876இல் புதிய சட்டம் பிறக்கக் காரணமானார். இன்று எந்தச் சரக்குக் கப்பலின் விலாவிலும் காணப்படும் வட்டமும் கோடும் அவர் போராட்டத்தின் பயன். அவருக்கு 1929இல் தேம்ஸ் கரையில் சிலை எழுந்தது. அதை எழுப்பியவர் மாலுமிகளின் தொழிற்சங்கத்தார். தம்மைக் காத்தவரைத் தாமே போற்றிய அச்செயல், அவர்தம் 6 பென்ஸ் மரபின் தொடர்ச்சியே எனலாம்.

1912 ஏப்ரல் 15ஆம் நாள் 'டைட்டானிக்' மூழ்கியபோது அதன் ஊழியரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் வீடு சவுத்தாம்ப்டன் நகரில் இருந்தது. அந்நகரத்தார் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்தனர். அந்நாளோடு அவர்தம் கூலிக் கணக்கும் முடிக்கப்பட்டது. உலகம் இரங்கிற்று, நன்கொடை 4 லட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. அப்பணம் பல குடும்பங்களைப் பல்லாண்டு காத்தது. ஆனால் இறந்தவர் கப்பலில் வகித்த பதவிக்கேற்பக் குடும்பங்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. கரி வாரியவன் மனைவிக்குக் கடைசி வகுப்பு. கைம்பெண்ணின் நடத்தையையும் குடும்பம் நடத்தும் முறையையும் குழுவினர் கண்காணித்தனர். தவறு கண்டால் தொகையை நிறுத்தினர். கணவன் கூலி வாங்கியபோது அவன் மனைவியின் ஒழுக்கத்தை எவரும் விசாரித்ததில்லை. அது கூலி, இது தருமம். அதே ஆண்டில் எவருமறியாமல் மூழ்கிய சிறு கப்பல்களின் மாலுமிகளுக்கு இத்தகைய நிதி எதுவும் திரளவில்லை என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும்.

1920இல் ஜெனோவா நகரில் கூடிய அனைத்துலகத் தொழில் மாநாடு, கப்பல் மூழ்கி வேலையிழந்த மாலுமிக்கு இரண்டு மாதம் வரை கூலி தரவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. 1925இல் பிரிட்டன் அதனைச் சட்டமாக்கிற்று. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் வாணிகக் கப்பல்களை வேட்டையாடிய காலத்தில், 1941 மே மாத ஆணைக்குப் பிறகே வேலையும் கூலியும் கப்பலைச் சார்ந்திராமல் தொடர்ந்து கிடைக்கும் நிலை பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு வந்தது.

லஸ்கர்கள்

மேற்கூறிய சட்டங்களின் நிழல் எல்லார் மீதும் ஒன்றுபோல் விழவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதலே இந்தியத் துறைமுகங்களில் மாலுமிகளைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. அவர்கள் லஸ்கர்கள் எனப்பட்டனர். சாரங்கு என்னும் தலைவன், தண்டல் என்னும் துணைத்தலைவன் ஆகியோரின் கீழ் கூட்டங் கூட்டமாக அவர்கள் வேலைக்கமர்ந்தனர். அவர்களுக்குரிய கூலி வெள்ளையர் கூலியில் ஒரு சிறு பகுதியே.

லண்டனில் கரையிறங்கி, திரும்பும் கப்பல் கிடைக்காத லஸ்கர்கள் குளிரில் தெருவில் கிடந்தனர். 1786 ஜனவரியில் லண்டனில் ஒரு நிவாரணக் குழு அமைந்ததற்கு அவர்கள் நிலையே முதற்காரணம். ஜோனாஸ் ஹான்வே என்ற வணிகர் பின்னர் அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1857இல் லைம்ஹவுஸ் பகுதியில் ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோருக்கான விடுதி திறக்கப்பட்டது. நாடிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாப் மன்னர் துலீப் சிங் அதற்கு 500 பவுன் நன்கொடை அளித்தார். அவ்விடுதி 1937 வரை நடைபெற்றது. எண்பது ஆண்டுகளில் எத்தனையோ லஸ்கர்கள் அங்கே தலைசாய்த்திருப்பர்.

பெயரும் எண்ணும்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்தல் பண்டைத் தமிழர் மரபு. கடலில் மாண்டவனுக்கு நடுகல் நிற்க நிலமில்லை. ஆகவே, அவன் பெயரை எழுதி வைப்பது கரையிலுள்ளோர் கடன்.

லண்டன் டவர் ஹில்லில் 1928இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், முதல் உலகப் போரில் கடலில் மறைந்த ஏறத்தாழ 12,000 வாணிக மாலுமிகள், மீனவர் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. 1955இல் இரண்டாம் போரில் மறைந்த ஏறத்தாழ 24,000 பெயர்கள் சேர்க்கப்பட்டன. கப்பல் வாரியாகப் பெயர்கள் வரிசை வரிசையாக நிற்கும். இறந்தவனின் மகள் அங்கு சென்றால் தந்தையின் பெயரை விரலால் தடவிப் பார்க்கலாம்.

கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றருகே 1924இல் லஸ்கர் நினைவுத் தூண் திறக்கப்பட்டது. 100 அடி உயரம். நாற்புறமும் பண்டைக் கலத்தின் முகப்பு நீட்டிக் கொண்டிருக்கும் அழகிய வடிவம். வங்காளம், அசாம், வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்த 896 மாலுமிகள் முதல் உலகப் போரில் உயிர் துறந்ததை அது அறிவிக்கிறது. 896 என்ற எண் கல்லில் இருக்கிறது. அவ்வெண்ணுக்குரியோரின் பெயர்கள் அக்கல்வெட்டில் இல்லை. தூணின் உயரத்துக்குக் குறைவில்லை. இறந்தவனின் மகள் தடவிப் பார்க்க அங்கே ஒரு சொல்தான் இல்லை.

இரண்டாம் போரில் மறைந்த இந்திய வாணிக மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள், இந்தியக் கடற்படையினர் பெயர்களோடு சேர்த்து, வெண்கலம் பூட்டிய இரண்டு புத்தகங்களில் எழுதப்பட்டன. ஒன்று பம்பாய் இந்திய மாலுமிகள் இல்லத்திலும், மற்றொன்று சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைக்கப்பட்டன. எண் பெயராக மாறியது ஒரு முன்னேற்றமே. ஆயினும் திறந்த வெளியில் எல்லாரும் காண நிற்கும் பெயருக்கும், கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டிய புத்தகத்திலுள்ள பெயருக்கும் வேற்றுமை இல்லாமற் போகவில்லை.

உபகாரமும் ஊதியமும்

ஆங்கிலத்தில் பென்ஷன் என்பதை முற்காலத் தமிழர் 'உபகாரச் சம்பளம்' என்றனர். பின்னர் அச்சொல் வழக்கிழந்து 'ஓய்வூதியம்' நிலைத்தது. முன்னது கொடுப்பவனின் கருணையைச் சொல்லும். பின்னது பெறுபவனின் உழைப்பைச் சொல்லும். மாலுமிகளின் நானூறாண்டு வரலாறும் இவ்விரு சொற்களுக்கும் இடையேயான பயணமே.

இந்தியாவில் 1964இல் மாலுமி நலநிதிச் சங்கம் ஏற்பட்டது. 1966இல் மாலுமிகள் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. மாலுமி தன் கூலியிலிருந்து ஒரு பங்கு செலுத்த, முதலாளியும் ஒரு பங்கு செலுத்துவது அதன் முறை. பழைய 6 பென்ஸுக்கு இணையாக மறுபக்கத்திலிருந்தும் காசு வந்து விழ வேண்டும் என்று சட்டம் கூறிற்று.

2006இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம் கடல்சார் தொழில் உடன்படிக்கையை உருவாக்கியது. சிங்கப்பூர் 2011இலும், மலேசியா 2013இலும், இந்தியா 2015இலும் அதனை ஏற்றன. 2013 ஆகஸ்டில் அது செயலுக்கு வந்தது. முதலாளி கப்பலையும் மாலுமிகளையும் அந்நியத் துறைமுகத்தில் கைவிட்டால், நான்கு மாதம் வரையிலான கூலி நிலுவைக்கும் வீடு திரும்பும் செலவுக்கும் பொருட்பிணை இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்பிணைக்குரிய சான்றிதழை மாலுமிகள் காணுமாறு கப்பலிலேயே ஒட்டி வைக்க வேண்டும்.

இத்தகைய பிணை இல்லாதபோது நேர்வதை 'ஆல்பீடோ' என்ற கப்பலின் கதை உணர்த்தும். மலேசியக் கொடி தாங்கிய அச்சரக்குக் கப்பல் 2010 நவம்பரில் சோமாலியக் கொள்ளையரிடம் சிக்கிற்று. அதில் பாகிஸ்தானியர், வங்காள தேசத்தார், இலங்கையர், இந்தியர், ஈரானியர் என 23 பேர் இருந்தனர். இந்தியர் ஒருவர் கொல்லப்பட்டார். 2012 ஆகஸ்டில் பாகிஸ்தானியர் எழுவர் மட்டும் விடுதலை பெற்றனர். அவர் நாட்டுப் பொதுமக்கள் நன்கொடை திரட்டி மீட்புப் பணம் கொடுத்தனர். மற்றவர் பிணையாகவே கிடந்தனர். 2013 ஜூலையில் கப்பல் மூழ்கியபோது இலங்கையர் நால்வர் கடலில் மறைந்தனர். எஞ்சிய 11 பேர் 2014 ஜூனில், மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் வீடு மீண்டனர். பாகிஸ்தானிய மக்களின் கொடை போற்றத்தக்கது. எழுவர் குடும்பங்களுக்கு அது கடவுள் போல் வந்தது. ஆனால் ஒரே தளத்தில் ஒரே கயிற்றை இழுத்த 23 பேரில் எவன் மீள்வான் என்பதை, அவன் பிறந்த ஊரில் எவ்வளவு பணம் திரளும் என்பது முடிவு செய்தது. மனமிரங்கித் தரும் உதவியின் எல்லை அதுதான். கொள்ளையரிடம் சிக்கிய மாலுமியின் ஒப்பந்தமும் கூலியும் அவன் விடுபடும்வரை தொடரும் என்ற விதி 2020 டிசம்பரில்தான் செயலுக்கு வந்தது. கப்பல் போனால் கூலியும் போகும் என்ற பழைய வழக்கின் கடைசி வேர்களுள் ஒன்று அன்று அறுபட்டது.

அதே 2020இல் கொரோனா நோய் உலகை முடக்கியபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள் கடலில் தங்க நேர்ந்தது. உலகத்தார் வீட்டில் அடைபட்டிருந்தபோது அவர்தம் அரிசியும் மருந்தும் கப்பலிலேயே வந்தன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் மாலுமிகளை இன்றியமையாத் தொழிலாளராகக் கருதுமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது. 2011 முதல் ஜூன் 25ஆம் நாள் உலகெங்கும் கடலோடிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாள் குறித்துப் போற்றுவது நன்று. ஆயினும் போற்றுதல் கூலியாகாது. மலர் வளையம் கைம்பெண்ணின் அடுப்பை எரிக்காது என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

அறக்கொடை வேண்டாவென்று இதனால் பொருள்படாது. டிரெட்நாட் கப்பலின் மருத்துவமும், லைம்ஹவுஸ் விடுதியின் படுக்கையும் சட்டம் உறங்கிய காலத்தில் உயிர் காத்தன. சட்டத்தை எழுப்பியவரும் பெரும்பாலும் அத்தகைய நல்லோரே. எனினும் பேரிடர் கண்டு பெருகி, செய்தி பழையதானால் வற்றும் இயல்பு இரக்கத்துக்கு உண்டு. மாதந்தோறும் தவறாமல் வந்து சேர்ந்தது மாலுமியின் சொந்தக் காசே. புயல் வந்த மாதத்திலும் அவன் அதனைச் செலுத்தினான். தன்னை ஏற்காத மாளிகைக்கும் செலுத்தினான். வரலாற்றுப் பாடத்தில் டிரேக், நெல்சன் ஆகியோரின் பெயர்களைப் படிக்கும் மாணவர், அவர்களோடு கடல் சென்ற பெயரறியா மாலுமிகளின் அந்த 6 பென்ஸையும் கணக்கில் சேர்த்துப் படித்தல் தகும்.